நாலு பேருக்கு எத்தனை செடி?

நாலு பேர் உள்ள வீட்டுத் தோட்டத்தில் 12 தக்காளிச் செடியும் 4 வெண்டைச் செடியும் வைத்தால், தக்காளி வீணாகிறது, வெண்டை போதவில்லை என்கிறீர்கள். தக்காளி 5 செடி போதும், 12 வேண்டாம். வெண்டையை 4-லிருந்து 15 ஆக்குங்கள். கத்தரி 3, மிளகாய் 3.

தக்காளி ஒரேயடியாகப் பழுத்து வீணாவதற்கு, எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டதுதான் காரணமாக இருக்கும். 3 செடி இப்போது, மீதி 2 நாலு வாரம் கழித்து.

வெண்டை கதை வேறு. ஒரு செடியில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு காய்தான் பறிக்கும் பதத்தில் இருக்கும். நாலு செடியில் ஒரு வேளைப் பொரியலுக்குத் தேறாது. நுனியை ஒடித்துப் பாருங்கள்: பட்டென்று முறியாமல் வளைந்தால் முற்றிவிட்டது. முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் அடுத்த பூவும் குறையும். அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் 6 மணி நேர வெயில் விழும் இடத்துக்கு. நிழலென்றால் செடியைக் கூட்டி நெருக்கி நடாதீர்கள்; இலைதான் மண்டும், காய் வராது.