ஃப்ளாஷ்பேக் வந்ததும் பயம் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: பேய்ப் படம் ஒன்றுக்கு 120 பக்கத்தில் திரைக்கதை எழுதியிருக்கிறேன். கணவன், மனைவி, ஆறு வயது மகள் மூவரும் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அங்கே முன்பு வேலை செய்த பெண்ணை வீட்டுக்காரர்கள் ஓர் அறையில் பூட்டிவைத்துச் சாகடித்திருக்கிறார்கள், அவள்தான் பேய். இடைவேளை வரை படித்த நண்பர்கள் பயந்துபோனதாகச் சொல்கிறார்கள். அதன் பிறகு 25 நிமிட ஃப்ளாஷ்பேக், மந்திரவாதி, பூஜை, கிளைமாக்ஸ். ‘செகண்ட் ஹாஃப் லாக் அடிக்குது’, அதாவது இழுவையாக இருக்கிறது என்கிறார்கள். திடுக்கிட வைக்கும் காட்சிகள் நான்கைச் சேர்த்துப் பார்த்தேன், பயனில்லை. எங்கே கோளாறு?

பதில்: கோளாறு ஃப்ளாஷ்பேக்கில்தான் இருக்கிறது, ஆனால் அது நீளமாக இருப்பது மட்டும் காரணமில்லை. முதல் பாதியில் பார்ப்பவர் மனதில் இரண்டு கேள்விகள் ஓடுகின்றன: இந்த வீட்டில் இருப்பது என்ன? அது இந்தக் குழந்தையை என்ன செய்யப் போகிறது? உங்கள் ஃப்ளாஷ்பேக் முதல் கேள்விக்கு முழுப் பதிலையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. இரண்டாவது கேள்வியை 25 நிமிடத்துக்கு மறக்கடித்துவிடுகிறது, ஏனென்றால் அந்த நேரம் முழுக்கக் குடும்பம் திரையிலேயே இல்லை. யாருக்காகப் பதறினோமோ அவர்களைக் காணோம். எதைக் கண்டு பயந்தோமோ அது பாவப்பட்ட பெண்ணாகிவிட்டது. அவள் பழிவாங்கினால் சரிதான் என்று நினைக்க ஆரம்பித்தவரை எத்தனை கதவு படாரென்று சாத்தினாலும் பயமுறுத்த முடியாது.

பேய் மேல் நமக்கு இரக்கம் வரக்கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. இரக்கம் எந்த இடத்தில் வருகிறது, வந்து என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. இதற்கு ஹிதேயோ நகாடா 1998-ல் எடுத்த ஜப்பானியப் படமான ‘ரிங்கு’வை விடத் தெளிவான பாடம் கிடையாது. அதன் முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது, ஆகவே பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

ஒரு வீடியோ டேப். பார்த்தவர் ஏழு நாளில் செத்துப்போவார். டிவி செய்தியாளர் ரெய்கோ அதைப் பார்த்துவிடுகிறாள். கெடு ஓட ஆரம்பிக்கிறது. இது வரை கதைக்களம் மட்டும்தான். படத்தின் நடுப்பகுதியில் அவளுடைய சின்னப் பையன் யோய்ச்சியும் அந்த டேப்பைப் பார்த்துவிடுகிறான். புதிய பேய் வரவில்லை, புதிய விதியும் வரவில்லை. ஆனால் ‘நான் பிழைப்பேனா’ என்ற பயம் அந்த ஒரு காட்சியில் ‘என் பிள்ளை பிழைப்பானா’ என்று மாறிவிடுகிறது. வேலை வேலை என்று ஓடும் தாய், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகிவிட்ட பையன் என்று ஆரம்பத்தில் காட்டியதெல்லாம் இப்போது வலிக்க ஆரம்பிக்கிறது. சம்பவமும் மனசும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்வது என்பது இதுதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். ரெய்கோவும் அவளுடைய முன்னாள் கணவன் ரியூஜியும் பேயின் கடந்த காலத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். சடாகோ என்ற பெண்ணைக் கிணற்றில் தள்ளிக் கொன்றிருக்கிறார்கள். இருவரும் கிணற்று நீரை வாளி வாளியாக இறைத்து, எலும்பை எடுக்கிறார்கள். ரெய்கோ அதை அணைத்துக்கொள்கிறாள். கெடு தாண்டிவிட்டது, அவள் உயிரோடு இருக்கிறாள். நியாயம் கிடைத்ததும் ஆவி சாந்தியாகிவிட்டது என்று நாமும் மூச்சு விடுகிறோம். மறுநாள் சடாகோ டிவிக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வந்து ரியூஜியைக் கொல்கிறாள். இரக்கப்பட்டதற்கும் பிழைத்ததற்கும் சம்பந்தமே இல்லை. ரெய்கோ பிழைத்தது டேப்பை நகலெடுத்து இன்னொருவருக்குக் காட்டியதால். பையனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவன் அதை வேறு யாருக்காவது காட்டியாக வேண்டும். அவள் தன் சொந்த அப்பா வீட்டை நோக்கிக் காரை ஓட்டுகிறாள்.

அந்தப் படத்தில் இரக்கம் ஒரு பொறி. பார்ப்பவரைத் தளர விடுவதற்காகவே அது கிளைமாக்ஸுக்குச் சற்று முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. பேய் முழு உருவமாக வெளியே வருவதும் அதற்குப் பிறகுதான், அப்போதும் முகம் முழுசாகத் தெரியாது, ஒரு கண் மட்டும்தான். உங்கள் கதையில் இரக்கம் 65-ஆம் பக்கத்தில் வந்து, அதற்குப் பின் 55 பக்கம் வெறுமனே ஓடுகிறது.

முதல் வேலையாக ஃப்ளாஷ்பேக்கை உடையுங்கள். 25 நிமிடத்தை 8 நிமிடமாக்கி, மூன்று துண்டாக வையுங்கள். முதல் துண்டு 30-ஆம் பக்கம் வாக்கில்: விளக்கமில்லாத ஒரு பொருள் மட்டும் போதும். அறைக் கதவின் உள்பக்கத்தில் நகத்தால் கீறிய தடம், அதன் மேல் அடித்த பெயின்ட். இரண்டாவது துண்டு 75-ஆம் பக்கத்தில்: பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லும் கதை, அதுவும் தவறான கதை. ‘அந்தப் பொண்ணு நகையைத் திருடிட்டு ஓடிப்போயிட்டா’ என்பாள். மூன்றாவது துண்டு 100-ஆம் பக்கத்தை ஒட்டி, உண்மை. ஒவ்வொரு துண்டும் முடிந்த அடுத்த காட்சியில் குடும்பத்தில் ஒருவர் ஒரு முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவு நிலைமையை இன்னும் மோசமாக்க வேண்டும். இந்த இரண்டும் நடக்காத துண்டை வெட்டிவிடலாம், அது எவ்வளவு உருக்கமாக இருந்தாலும்.

இரண்டாவது வேலை சிரமமானது. உங்கள் குடும்பத்துக்கு இந்தப் பேயோடு வாடகை ஒப்பந்தத்தைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேறு எந்தக் குடும்பம் குடிவந்திருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்றால் உணர்ச்சிக் கோடு இல்லை என்று பொருள். அந்தத் தாய்க்கு வெளியே சொல்ல முடியாத ஒன்று இருக்க வேண்டும், பேய் அதையே தொட வேண்டும். உங்கள் கருவிலேயே அதற்கு வழி இருக்கிறது: பூட்டிய அறை. முந்தைய வீட்டில், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாளில், அவள் மகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனவள் என்று வையுங்கள். அன்று குழந்தைக்குக் கையில் சூடு பட்டது. கணவனிடம் ‘நான் கிச்சன்ல இருந்தப்போதான் நடந்துச்சு’ என்று சொல்லியிருக்கிறாள். இனி எல்லாமே ஒரு தாழ்ப்பாளில் வந்து நிற்கும்.

12-ஆம் பக்கத்தில் குழந்தை கதவு திறந்திருந்தால்தான் தூங்குகிறாள், காரணம் சொல்லாதீர்கள். 28-இல் அவசரமாக ஃபோன் பேசவேண்டிய தாய், நச்சரிக்கும் மகளை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிறாள். இரண்டே நிமிடம், பழகிய கை. 58-இல், இடைவேளை பிளாக், அதாவது இடைவேளைக்குக் கொண்டுபோய் விடும் காட்சி: நள்ளிரவில் மகளின் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. தாய் கைப்பிடியில் கை வைக்கும்போது உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம். ஆறு வயதுக் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் தாழ்ப்பாள். உள்ளிருந்து குழந்தையின் குரல், பயமே இல்லாமல்: ‘அக்கா பூட்டிட்டாம்மா. நீ உள்ள வரக்கூடாதாம்.’ இங்கே பேயைக் காட்டவே தேவையில்லை. பேய் கொல்ல வரவில்லை, அம்மாவின் இடத்தைப் பிடிக்க வருகிறது என்று கேள்வியே மாறிவிட்டது. இடைவேளைக்குப் பிறகு கதை ஓடுவதற்கான எரிபொருள் அதுதான்.

இப்போது ஃப்ளாஷ்பேக் உண்மை 100-ஆம் பக்கத்தில் தெரியவரும்போது பார்ப்பவர் பேய்க்காக இரங்குவார். அந்த இரக்கமே தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். பேய் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் குழந்தையை அதனிடம் விடவும் முடியாது. பயமும் பரிதாபமும் ஒன்றையொன்று தின்னாமல் சேர்ந்தே ஏறும். பாசில் இயக்கிய மலையாளப் படமான ‘மணிச்சித்ரத்தாழ்’ (1993) இந்த விஷயத்தில் வேறொரு வழியைக் காட்டுகிறது: அங்கே யாரைக் கண்டு பயப்படுகிறோமோ அவளையே காப்பாற்ற வேண்டியிருக்கிறது, அதனால் கிளைமாக்ஸில் கதாநாயகி கங்காவைப் பார்த்து நடுங்கிக்கொண்டே அவளுக்காக வேண்டிக்கொள்கிறோம்.

திரைக்கதையைத் திருத்தும் முன் ஒரு தாளில் சீன் ஆர்டரை எழுதுங்கள். ஒவ்வொரு சீனுக்கும் எதிரே மூன்று கட்டம்: என்ன நடக்கிறது, அந்த நேரத்தில் தாய் எதை மறைக்கிறாள், பார்ப்பவரின் பதற்றம் பத்துக்கு எவ்வளவு. மூன்றாவது கட்டத்தில் நீங்களே நேர்மையாக மதிப்பெண் போடுங்கள். அடுத்தடுத்து மூன்று சீன் 7-க்கு மேல் இருந்தால் அந்த இடத்தில் மரத்துப்போகும்; நடுவில் 2 அல்லது 3 உள்ள சீன் ஒன்று தேவை, அது காமெடியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, தாயும் மகளும் தலை பின்னிக்கொள்ளும் சீனாக இருக்கலாம். நீங்கள் புதிதாகச் சேர்த்த நான்கு காட்சிகளும் அநேகமாக ஏற்கெனவே உயரத்தில் இருந்த இடத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது கட்டம் தொடர்ந்து ஐந்தாறு சீனுக்குக் காலியாக இருந்தால் அங்கேதான் ‘லாக்’. நண்பர்கள் சொன்ன பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திடுக்கிட வைக்கும் காட்சிகள் இரண்டு மணி நேரப் படத்துக்கு ஐந்தோ ஆறோ போதும். எழுதும் விதம் முக்கியம். பார்ப்பவர் ஓர் இடத்தைச் சந்தேகப்பட வேண்டும், அந்த இடத்தைத் திறந்து காட்டி ஒன்றுமில்லை என்று தளர விட வேண்டும், ஓரிரு விநாடி கழித்து வேறு திசையிலிருந்து வர வேண்டும். தளர்ச்சி நீண்டுவிட்டால் அடுத்தது வரப்போகிறது என்று பார்ப்பவர் எண்ண ஆரம்பித்துவிடுவார். திரைக்கதைப் பக்கத்தில் ‘பயங்கரமான இசை’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். ரீரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை சேர்க்கும் வேலை, அதைப் பார்த்துக்கொள்ளும். ஃபேன் சத்தம் நிற்கிறது என்று எழுதுங்கள். ஒரு ஷாட்டுக்கு ஒரு வரி, அடுத்த ஷாட்டுக்கு அடுத்த வரி. கீழே போகப் போக வரிகள் குட்டையாகட்டும்; படிப்பவரின் கண் இறங்கும் வேகமே எடிட்டிங் வேகம். திடுக்கிடலுக்கு அடுத்த வரியில் யாராவது ஒருவருக்கு ஏதாவது மாறியிருக்க வேண்டும். பூனை குதித்தது, எல்லோரும் சிரித்தார்கள் என்று முடிந்தால் அடுத்த முறை நீங்கள் உண்மையாகப் பயமுறுத்தும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

‘வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகவேண்டியதுதானே?’ என்று தியேட்டரில் ஒருவர் கேட்பார். அதற்கு 20-ஆம் பக்கத்துக்குள் பதில் இருக்கட்டும்: கொடுத்த அட்வான்ஸ் முழுக்கக் கடன் வாங்கிய பணம் என்று ஒரே வசனம். 60-ஆம் பக்கத்துக்கு மேல் பணக் காரணம் தாங்காது. அப்போது குழந்தையே வர மறுக்க வேண்டும்.

மந்திரவாதியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். அவருக்கு விதி மட்டும் தெரியட்டும். விலையைத் தாய்தான் கொடுக்க வேண்டும். மந்திரம் ஓதப்படும்போது குடும்பம் ஓரமாக நின்று பார்த்தால் அந்தப் பத்து நிமிடமும் பார்ப்பவரும் ஓரமாகத்தான் நிற்பார். உங்கள் கதையில் விலை என்ன என்று தெளிவாகவே இருக்கிறது: கணவன் எதிரில், மகள் காதுபட, பூட்டிவிட்டுப் போனது நான்தான் என்று அவள் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் பேய் உடனே திறந்துவிடக் கூடாது. ஒப்புக்கொண்டதற்கு உடனடிப் பரிசாகக் குழந்தை கிடைத்துவிட்டால் பொதுச் சேவை விளம்பரம் போல ஆகிவிடும். கதவு திறக்கும், வெளியே வருவதா, அக்காவோடு இருப்பதா என்று குழந்தை தீர்மானிக்கட்டும். அவள் எதைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பது உங்கள் படம்.

எழுதும்போது இந்தக் கடைசி 20 பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். தாயின் வாக்குமூலம் சரியாக அமைந்த பிறகு 28-ஆம் பக்கத்துத் தாழ்ப்பாள், 12-ஆம் பக்கத்துத் திறந்த கதவு என்று பின்னோக்கி வந்து விதைகளைப் போடுங்கள். முதல் பாதியில் நண்பர்கள் பயந்த காட்சிகளில் முக்கால்வாசி அப்படியே நிற்கும். அவற்றைத் தொட வேண்டாம்.