திரும்பி வரும் அடி

வணக்கம் ஐயா,

நெருங்கிய நண்பர் ஒருவருடன் சென்ற வாரம் நடந்த வாக்குவாதம் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் முறையாகச் சங்கீதம் பயின்றவர். நான் வெறும் கேட்பவன். பல ஆண்டுகளாக எனக்குத் துணையாக இருக்கும் ஒரு மெல்லிசைப் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டினேன். “நான்கு சுரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது, இதில் என்ன இருக்கிறது?” என்றார். “இத்தனை லட்சம் பேர் கேட்டிருக்கிறார்களே” என்றேன். “லட்சம் பேர் கேட்டால் நல்ல இசையாகிவிடுமா?” என்றார். கடைசியில் “அவரவர் ரசனை” என்று சொல்லி இருவரும் எழுந்துவிட்டோம். வீடு திரும்பிய பிறகும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. எல்லாமே ரசனைதானா? ஓர் ஆக்கத்தை உண்மையிலேயே நல்லது என்று சொல்ல ஏதாவது அளவு உண்டா? அந்தப் பாட்டின் பதிவை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

நீங்கள் இருவரும் எழுந்துவிட்ட இடத்தில்தான் பேச்சு தொடங்கியிருக்க வேண்டும். ‘அவரவர் ரசனை’ என்பது நட்பைக் காப்பாற்றும். இசையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ‘எனக்குப் பிடிக்கிறது’ என்றால் அது என்னைப் பற்றிய செய்தி. நான் எந்த வயதில் கேட்டேன், யாரோடு கேட்டேன் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. இருபதுகளின் தொடக்கத்தில் நாம் கேட்ட பாட்டுகள்மீதே நமக்குப் பிடிப்பு அதிகம் என்று 1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தப் பிடிப்பை நான் மதிக்கிறேன். அதை வைத்து ஒரு பாட்டை எடைபோட மட்டும் மாட்டேன்.

எண்ணிக்கையைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது சரி. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், அறியப்படாத 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்களைக் கேட்க வைத்தார்கள். சிலருக்குப் பாடல்கள் மட்டுமே தெரிந்தன. மற்றவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, அந்தந்தக் குழுவில் எந்தப் பாடலை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த குழுக்களில் வெற்றி குழுவுக்குக் குழு மாறியது. ஒன்றில் முன்னுக்கு வந்த பாட்டு இன்னொன்றில் பின்தங்கியது. மிகச் சிறந்தவை அரிதாகவே அடிமட்டத்துக்குப் போயின, மிக மோசமானவை அரிதாகவே மேலே வந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. கூட்டம் பெரிதும் கூட்டத்தைப் பார்த்தே நகர்கிறது.

காலம் தீர்ப்புச் சொல்லும் என்பார்கள். அதையும் முழுமையாக நம்ப முடியவில்லை. ஜெர்மானிய இசைமேதை பாக் 1750இல் மறைந்தார். இயேசுவின் துன்பங்களைப் பாடும் அவருடைய மத்தேயு பாடுகள் இசைக்கோவையை 1829இல் பெர்லினில் மெண்டல்சன் என்ற இசையமைப்பாளர் மீண்டும் அரங்கேற்றும்வரை அது ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது. மெண்டல்சனுக்கு அப்போது வயது 20. அந்த இளைஞர் முனையாமல் இருந்திருந்தால் காலத்தின் தீர்ப்பு என்னவாகியிருக்கும்?

‘நான்கு சுரங்கள்’ என்ற இடத்தில்தான் உங்கள் நண்பரோடு நான் கடுமையாக முரண்படுகிறேன். ஒரு காலத்தில் நானும் அப்படிப் பேசியவன். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ‘பொலேரோ’ என்ற வாத்தியக்குழு இசையை முதன்முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. 1928இல் எழுதப்பட்டது, கால்மணி நேர அளவு. முதலிலிருந்து முடிவுவரை ஒரு சிறு முரசு ஒரே தாளக்கட்டை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. மெட்டும் ஒன்றேதான், இரண்டு பாதிகளாக மாறி மாறி வருகிறது. வளர்ச்சி இல்லை, கற்பனை இல்லை என்று எழுதிக்கூட வைத்தேன். பல ஆண்டுகள் கழித்து, வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு மாலையில், முழுக் கவனத்தோடு மறுபடி கேட்டேன். புல்லாங்குழலில் தனியாக வந்த மெட்டு கிளாரினெட்டுக்குப் போகிறது, பாசூன் என்ற கனத்த குரலுடைய குழலுக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் அதே சுரங்கள், ஆனால் அதைச் சொல்லும் குரல் வேறு. பின்னால் சேரும் எடை வேறு. இறுதியை நெருங்கும்போது, இத்தனை நேரமும் அசையாமல் நின்ற ஆதார சுருதி திடீரென்று வேறிடத்துக்குத் தாவி, சில நொடிகளில் மறுபடி பழைய இடத்திலேயே வந்து விழுகிறது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கால்மணி நேரம் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த காதுக்கு மட்டுமே அந்தத் தாவல் அத்தனை பெரிது. அலுப்பு என்று நான் நினைத்ததெல்லாம் அந்தச் சில நொடிகளுக்காகச் சேர்த்த முதலீடு.

அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுதான். ஓர் அடி திரும்பி வருகிறதே, அப்போது அது பழைய அடியாகவே இருக்கிறதா, அல்லது இடையில் நடந்தவற்றைச் சுமந்துகொண்டு வருகிறதா? சுரங்களின் எண்ணிக்கையோ ராகத்தின் அருமையோ இந்தக் கேள்விக்கு விடை தருவதில்லை. ராகம் நூற்றுக்கு நூறு சுத்தமாக இருந்தும், திரும்பும்போது எதையும் சுமக்காத உருப்படிகளைக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் நண்பருக்கு இது அன்னியமான எண்ணமாக இருக்க முடியாது, ஏனென்றால் அவர் சங்கதி, அதாவது ஒரே வரியைப் படிப்படியாக மாற்றி மாற்றிப் பாடும் முறை, பாடிப் பயின்றவர். தியாகராஜரின் ‘சக்கனி ராஜ’வை அவர் பாடியிருப்பார். நல்ல ராஜபாட்டை இருக்கும்போது சந்துகளில் ஏன் நுழைகிறாய் மனமே என்று பல்லவி கேட்கிறது. கரகரப்பிரியா ராகத்தில் அந்த ஒரே வரி சங்கதி சங்கதியாக விரிகிறது. முதலில் எளிய கேள்வி. அடுத்தடுத்த சங்கதிகளில் சொல் மாறாமல் குரல் ஏறி, சுற்றி, இறங்க, கேள்வி மனத்தை விடாமல் நெருக்குகிறது. சங்கதிகளில் எவை தியாகராஜர் அமைத்தவை, எவை சீடர் மரபில் சேர்ந்தவை என்ற பேச்சு உண்டு. எனக்கு அதைவிட முக்கியம் வரிசை. மூன்றாவதை முதலாவதாகப் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நெருக்கம் கலைந்துவிடும். மாற்றி அடுக்க முடியாத வரிசையைக் கண்டால் அங்கே ஒரு மனம் யோசித்திருக்கிறது என்று நம்புவேன்.

இனி நீங்கள் அனுப்பிய பாட்டு. ஐந்து முறை கேட்டேன். நான்கு சுரங்கள் என்பது உண்மை. அது குறையே இல்லை. முதல் சரணம் முடிந்து பல்லவி திரும்பும்போது வீணை ஒரு கணம் தாமதித்துச் சேர்கிறது. அந்தத் தாமதத்தால் முதல் சொல் துணையின்றி நிற்கிறது. தொடக்கத்தில் நிம்மதியாக ஒலித்த அதே சொல் இங்கே தயங்குகிறது. அருமையான இடம். ஆனால் இரண்டாம் சரணத்துக்குப் பிறகு பல்லவி அச்சு மாறாமல், அதே தாமதத்தோடு வருகிறது. அங்கே இசையமைப்பாளர் கைவிட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். எனக்கு அது பாதிவரை மிக நல்ல பாட்டு.

நீங்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. நண்பரை மறுபடி அழையுங்கள். இந்த முறை லட்சங்களையும் ரசனையையும் விட்டுவிட்டு, அந்த இரண்டு பல்லவிகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவதில் நான் தவறவிட்ட ஏதாவது அவர் காதில் விழுந்தால் எனக்கு எழுதுங்கள், ஆறாவது முறையும் கேட்கிறேன்.