முதல் ஓட்டே நோட்டாவுக்கா? கொஞ்சம் பொறுங்க தம்பி

தம்பி, எந்த தலைவர் மேலயும் நம்பிக்கை வரல, அப்பா சொல்ற கட்சிக்குப் போடவும் மனசில்ல, முதல் ஓட்டையே நோட்டாவுக்கு, அதாவது யாருக்கும் இல்லைங்கிற பட்டனுக்குப் போட்டுடலாமான்னு கேட்டிருந்தீங்க. நானும் முதல் தடவை இதே மனநிலையிலதான் பூத்துக்குப் போனேன். நோட்டா 2013ல வந்துச்சு, ஆனா சட்டமன்றத் தேர்தல்ல அதுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும் வேட்பாளருங்கள்ல யாரு அதிகமா வாங்கியிருக்காங்களோ அவங்கதான் எம்எல்ஏ, அத முதல்ல தெரிஞ்சுக்கங்க. ராதாபுரத்துல 2016ல வித்தியாசம் வெறும் 49 ஓட்டு, தி.நகர்ல 2021ல 137, ஒரு தெருவு ஜனம் நினைச்சிருந்தா மாறியிருக்கும்ங்க.

தலைவர் முகத்த விட்டுட்டு உங்க தொகுதியில நிக்கிறவங்களப் பாருங்க. மனுவோட ஒவ்வொருத்தரும் பிரமாணப் பத்திரம் குடுக்கணும், கேஸு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதுல இருக்கும், தேர்தல் ஆணைய சைட்லயே பாக்கலாம், நான் ஒரு ராத்திரி உக்காந்து சுயேச்சைங்களோடதையும் சேத்துப் படிச்சேன். படிச்சப்புறமும் ஒருத்தரும் தேறலைன்னா நோட்டா போடுங்க, அது உங்க உரிமை. அப்பாகிட்ட சண்டை வேணாம், மிஷின் முன்னாடி நீங்க மட்டும்தான் நிப்பீங்க. அப்புறம் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு இன்னைக்கே செக் பண்ணுங்க, இல்லைன்னா பேர் சேக்குறதுக்கு ஃபார்ம் 6 போடணும்.