மருமகள் மேல் பழி எதற்கு?

கேள்வி: தாய்மாமனைத்தான் கட்டிக்கொண்டேன், பாட்டியே எனக்கு மாமியார். பையனுக்குப் பதினான்கு மாதம். நன்றாகத் தவழ்ந்தவன், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்து நிற்காமல் துவண்டுவிட்டான். 'லீ சிண்ட்ரோம், சர்ஃப்-1 ஜீன், இரண்டு பிரதியிலும் பழுது' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில்தான் வருமாம், அதனால் குறை என்னுடையது என்கிறார் பாட்டி. உண்மையா? என் தங்கைக்கும் சொந்தத்திலேயே மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.
– ஒரு வாசகி, காரிமங்கலம்

பதில்: பாதி உண்மை அம்மா, வம்பே அதில்தான். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வருவது சரி. ஆனால் சர்ஃப்-1 அதற்குள் இல்லை. செல்லின் உட்கருவில், 9-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு ஒரு பிரதி நீங்கள் கொடுத்தது, இன்னொன்று உங்கள் கணவர் கொடுத்தது. இரண்டும் பழுதானால்தான் நோய். ஒன்று மட்டும் பழுதான நீங்கள் இருவரும் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்? (தாய்வழி என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் அம்மாவுக்கு மைட்டோகாண்ட்ரியா கொடுத்தது யார்? அதே பாட்டிதான்!)

நாம் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பங்கு கடைசியில் போய்ச் சேருவது, மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாக்க உதவும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியிடம். குச்சிக்கிழங்குத் தழை மேய்ந்த ஆடு துடித்துச் சாவதை உங்கள் பக்கம் பார்த்திருப்பீர்கள். தழையிலிருந்து வரும் சயனைடு அடைப்பது இதே நொதியைத்தான். பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைக் கோத்துத்தான் செல் இதைச் செய்கிறது. சர்ஃப்-1 புரதம் அந்தத் துண்டுகளில் ஒன்றல்ல, சென்டரிங் பலகை மாதிரி. கட்டி முடித்த வீட்டில் பலகை இருக்காது. ஆனால் அது இல்லாமல் தளம் போட முடியாது. நொதி குறைந்தால் ஆற்றல் அதிகம் தின்னும் மூளைக்குத்தான் முதல் அடி. காய்ச்சலில் தேவை இன்னும் கூடும். அதனால் இனி காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள், பையனை நெடுநேரம் பட்டினி போடாதீர்கள். ஜீனைச் சரிசெய்யும் மருந்து இன்று இல்லை. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டெனிஸ் லீ இந்த நோயை விவரித்தது 1951-இல். சர்ஃப்-1 ஒரு காரணம் என்று கண்டுபிடிக்க 1998 ஆயிற்று. உங்கள் பாட்டி ஒரே நாளில் தீர்ப்பு சொல்லிவிட்டார்!

அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு, ஒவ்வொரு முறையும். கர்ப்பம் தரித்த 11-ஆவது வாரத்திலிருந்தே நச்சுக்கொடித் திசுவில் பார்த்துவிடலாம். அதற்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். தங்கை விஷயம்தான் அவசரம். பழுதான பிரதி அவளிடமும், சொந்தத்து மாப்பிள்ளையிடமும் இருக்கலாம். தாம்பூலம் மாற்றுவதற்கு முன், இந்த ரிப்போர்ட்டின் நகலோடு அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.