புண்ணிலிருந்து துண்டு எடுத்தால் நோய் பரவிவிடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. நீடாமங்கலம் பக்கத்தில் கிராமம். நடவு, களையெடுப்பு என்று வயல் வேலையிலேயே காலம் கழித்தவர். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டு. இடது உள்கன்னத்தில் ஒரு புண் ஆறு வாரமாக ஆறவில்லை. பல் டாக்டர், சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பெரியப்பா வீட்டில் தடுக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், ஒரே இரத்தப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்துவிடும், வீட்டுக்கே வந்து எடுப்பார்கள் என்கிறார். எதைக் கேட்பது?

பதில்: பல் டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். இந்த வாரமே எடுத்துவிடுங்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இப்படி வெட்டி எடுத்த துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் முப்பது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது. அவர் உடம்பிலிருந்து மிளகளவு ஒரு துண்டு மட்டும் என் மேசைக்கு வந்து சேரும். அந்த மிளகளவுத் துண்டு சொல்கிற செய்தியை வேறு எதுவும் சொல்லாது என்பதால்தான் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன்.

உடம்பில் நான்கு வகைத் திசு உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: மூடிக் காக்கிற எபிதீலியத் திசு, தாங்கிப் பிடிக்கிற இணைப்புத் திசு, அசைகிற தசைத் திசு, சேதி கடத்துகிற நரம்புத் திசு. கடைசி இரண்டையும் இன்று விட்டுவிடுவோம். அம்மாவின் கன்னத்துக்கு முதல் இரண்டு போதும்.

நாற்றங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். எபிதீலியம் நாற்று மாதிரி. செல்கள் இடைவெளியில்லாமல் நெருக்கி நிற்கும். அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. அடியில் இருக்கும் இணைப்புத் திசுதான் மண். சாப்பாடு அங்கிருந்துதான் மேலே ஏறும். இரத்தக் குழாய், நிணநீர்க் குழாய் ஆகிய வாய்க்கால்கள் எல்லாம் அந்த மண்ணில்தான் ஓடுகின்றன. நாற்றுக்கும் மண்ணுக்கும் நடுவே மெல்லிய தாள் விரித்தாற்போல் ஒரு சவ்வு. அடித்தளச் சவ்வு என்போம்.

வாயின் உள்தோல் இரண்டு மூன்று வாரத்துக்குள் தன்னையே புதுப்பித்துக்கொள்ளும். சூடான காபி பட்ட இடமும் பல் கடித்த இடமும் அதனால்தான் சீக்கிரம் ஆறிவிடுகின்றன. இரண்டு வாரம் தாண்டியும் ஒரு புண் அங்கேயே உட்கார்ந்திருந்தால், புதுப்பிக்கிற வேலை எங்கோ கெட்டிருக்கிறது என்று பொருள். உங்கள் அம்மாவுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது. இடையில் மருந்துக்கடையில் நாலைந்து தடவை பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் தடவுகிற களிம்பும் வாங்கியிருப்பீர்கள். கேட்காமலேயே எனக்குத் தெரியும்.

நாற்றாக நிற்க வேண்டிய செல், சவ்வைத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கிவிட்டால் அதுதான் புற்றுநோய். இறங்கியது வாய்க்காலைப் பிடித்துக் கழுத்து நெறிக்கட்டிக்குப் போய்ச் சேரும். இறங்கிவிட்டதா, சவ்வுக்கு மேலேயே நிற்கிறதா என்பதை மேலிருந்து பார்த்து எந்த டாக்டரும் சொல்ல முடியாது. ஸ்கேன், புண் எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று காட்டும். அது என்ன என்று காட்டாது. வரப்பை வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே எலி வளை இருக்கிறதா என்று தெரியும். அதே கதைதான்.

செய்வதும் பெரிய வேலையில்லை. மரத்துப்போக ஒரு ஊசி, நாலைந்து மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துண்டு, தேவைப்பட்டால் ஒரு தையல். புண்ணின் ஓரத்தில், கொஞ்சம் நல்ல தோலும் சேர்த்து, மண் வரைக்கும் ஆழமாக எடுக்க வேண்டும். நட்டநடுவில் எடுத்தால் செத்துப்போன சதைதான் எனக்கு வரும். அதில் படிக்க ஒன்றும் இருக்காது.

இனி பெரியப்பாவுக்கு. வாய்ப்புண்ணில் பயாப்சி எடுப்பதால் நோய் பரவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. பிறகு ஏன் ஊரெல்லாம் இந்தப் பேச்சு? நம் ஆட்கள் டாக்டரிடம் வருவதே புண் கன்னத்தைத் துளைக்கும்போதுதான். துண்டு எடுப்பார்கள், புற்றுநோய் என்று முடிவு வரும். உடனே குலதெய்வம், நாட்டு மருந்து, பக்கத்து ஊர் மாமா சொன்ன வைத்தியர் என்று மூன்று மாதம் ஓடும். அந்த மூன்று மாதத்தில் அது வளரத்தான் செய்யும். பழி மட்டும் கத்தி மேல். துண்டு எடுத்தது குற்றமில்லை. எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்களே, அதுதான் குற்றம்.

உங்களுக்குத் 'தெரிந்தவர்' விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆசாமிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கை நிற்காது. 'முழு உடல் கேன்சர் பேக்கேஜ்' என்று நாலு பக்கம் வண்ணக் காகிதத்தில் முடிவு தருவார்கள். அதில் வரும், இரத்தத்தில் தேடுகிற புற்றுநோய்க் குறிகாட்டிகளில் (டியூமர் மார்க்கர்) ஒன்றுகூட வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க உதவாது. எல்லாம் நார்மல் என்று வரும், நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள், புண் தூங்காது. ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கு அதில் பங்கு உண்டு. இன்னொரு ரகம், பயாப்சிக்கு முன்பே, உடம்பு முழுக்க நோயைத் தேடுகிற பெட் (PET) ஸ்கேனுக்கு வண்டி ஏற்றுகிறவர். என்ன நோய் என்றே தெரியாமல் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று தேடுவது, தாலி கட்டுவதற்கு முன்பே வளைகாப்புக்கு நாள் குறிக்கிற மாதிரி. மூன்றாவது ரகம், காப்பீட்டு அட்டை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்குக் காசே கிடையாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கிக்கொண்டு, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போனால் போதும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உண்டு. துண்டு எடுத்த கையோடு இந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

எடுத்த துண்டை நீங்களே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தால் ஒன்று கவனியுங்கள். துண்டு, சதையைக் கெடாமல் காக்கிற ஃபார்மலின் திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும். துண்டைப் போல் பத்து மடங்கு திரவம். சலைன் வாட்டரில் போட்டால் ஊறி அழுகும். ஸ்பிரிட்டில் போட்டால் சுருங்கி விறைக்கும். பஞ்சில் சுற்றிக் கொடுத்தால் சித்திரை வெயிலில் பஸ் தஞ்சாவூர் வருவதற்குள் கருவாடு. ஒருமுறை எனக்கு வாய் குறுகிய டானிக் பாட்டிலில் ஒரு பெரிய கட்டி வந்தது. போடும்போது மெத்தென்று இருந்ததால் உள்ளே போய்விட்டது. ஃபார்மலினில் இறுகிய பிறகு வெளியே வருமா? பாட்டிலை உடைத்துத்தான் எடுத்தேன். அகன்ற வாய் டப்பா கேளுங்கள். மூடி மேல் வேண்டாம், டப்பாவின் உடம்பில் பெயர் எழுதச் சொல்லுங்கள். மூடி மாறும்.

'கத்தி படக் கூடாது' என்பது முழுப் பொய்யா என்றால், ஓர் இடத்தில் அது உண்மை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நம் பகுதி ஆண்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விரையில் வரும் கட்டி. அங்கே ஊசி குத்தியோ விரைப்பை வழியாக வெட்டியோ துண்டு எடுக்கக் கூடாது. ஏன் என்று கேளுங்கள். விரை, குழந்தை கருவில் இருக்கும்போது வயிற்றுக்குள் உருவாகிப் பிறகுதான் கீழே இறங்குகிறது. இறங்கினாலும் அதன் நிணநீர் பழைய வழியிலேயே, வயிற்றின் பின்பக்கம் பெரிய இரத்தக் குழாயை ஒட்டிய நெறிக்கட்டிகளுக்குத்தான் வடியும். விரைப்பையின் தோலுக்கு வடிகால் வேறு. அது தொடை இடுக்குக்குப் போகும். விரைப்பை வழியாகக் குத்தினால் இரண்டு வாய்க்காலுக்கும் நடுவே நாமே உடைப்பு எடுத்துவிட்டதாக ஆகும். ஆகவே இடுப்புக்குக் கீழே, குடலிறக்க ஆபரேஷனுக்குக் கீறுகிற இடத்தில் கீறி, விரையை முழுதாக மேலே இழுத்து எடுத்துத்தான் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

நமக்கு என்ன சிக்கல் என்றால், விரையிலும் நீர் கோக்க வைக்கிற யானைக்கால் நோய் வெகுகாலம் புழங்கிய ஊர்கள் இவை. விரை வீங்கினால் 'ஓதம்தான், நீர் கோத்திருக்கிறது' என்று வீட்டில் இருக்கிறவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். ஊசி போட்டு நீரை இறக்கிவிடுகிற கைகளும் இங்கே குறைவில்லை. இருபது முதல் நாற்பது வயதுக்குள் இருக்கிற பையனுக்கு வலியில்லாமல் ஒரு பக்க விரை கனத்தால், ஊசி பக்கமே போகாமல் முதலில் அல்ட்ராசவுண்ட் எடுங்கள். விலை குறைந்த, வலியில்லாத பரிசோதனை. நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகிற புற்றுநோய் அது. ஒரு ஊசியால் அதைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சரி, கன்னத்துக்குத் திரும்புகிறேன்.

முடிவு வர மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகலாம். துண்டை ஃபார்மலினில் இறுகவிட்டு, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை 250 பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றித்தான் பார்க்கிறோம். 'நாளைக்கே தருகிறோம்' என்கிற இடத்தைக் கண்டு மயங்காதீர்கள்.

முடிவு வரும் தாளில் இரண்டு சொற்கள் ஆளைக் கவிழ்க்கும். ஒன்று 'நெகட்டிவ்'. எடுத்த துண்டில் இல்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். புண் ஆறாமல் இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். இன்னொன்று 'வெல் டிஃபரன்ஷியேட்டட்'. 'வெல்' என்று இருக்கிறதே, நன்றாக இருக்கிறது என்றுதானே எழுதியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகத் திரும்பிப் போன குடும்பத்தை எனக்குத் தெரியும். நோய்ச் செல்கள் இன்னும் தாய்த் திசுவின் சாயலோடு இருக்கின்றன என்பதுதான் அதன் அர்த்தம். புற்றுநோய் புற்றுநோய்தான்.

வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். துண்டைப் பதித்த மெழுகுக் கட்டியையும், சீவியதை ஒட்டிய கண்ணாடிச் சில்லையும் (ஸ்லைடு) கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் அம்மாவின் உடம்பு. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முணுமுணுப்பார்கள், கொடுப்பார்கள். அங்கே போய் மறுபடி வெட்ட வேண்டிய அவசியம் அதனால் குறையும்.

இதற்கிடையில் வீட்டில் ஒன்று பாருங்கள். அம்மா வாயைத் திறந்தால் அவருடைய மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே நுழைகின்றனவா? காரம் பட்டால் வாய் எரிகிறதா? பாக்கு, கன்னத்தின் இணைப்புத் திசுவைக் கயிறு திரித்த மாதிரி இறுக்கிவிடும். வாய் திறக்காமல் போகிற அந்த நோயிலும் புற்று வரும். வெற்றிலை மேல் எனக்கு வழக்கில்லை. 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே மடித்து வைப்பதுதான் வினை. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அம்மா வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார் என்று கேளுங்கள். இடது என்பார் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, துண்டோடு ஒரு படிவம் வரும். எனக்கு வருகிற படிவங்களில் பாதியில் 'வாய்ப்புண், பயாப்சி' என்று இரண்டே சொல். வயது இருக்காது, பழக்கம் இருக்காது, நாக்கா கன்னமா என்றுகூட இருக்காது. முப்பது வருடமாகக் கத்திப் பார்த்துவிட்டேன்; படிவத்தின் நிறம்தான் மாறியது. டாக்டருக்கு நேரமில்லை என்றால் நீங்களே கேட்டு நிரப்பச் சொல்லுங்கள்: 61 வயது, இடது உள்கன்னம், ஆறு வாரம், எத்தனை வருடப் புகையிலை, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா இல்லையா. உங்கள் போன் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். துண்டு போதாமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருப்போம்.