வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: போர்ச் செய்தியும் பழைய லேப்டாப்பும்

கேள்வி: போர் நடக்கும்போது அரசு எல்லாவற்றையும் வெளியே சொல்ல முடியாது. அப்படியிருக்க, அரசு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதி வருவது எல்லையில் நிற்கும் பிள்ளைகளின் மனத்தைத் தளர்த்தாதா? (சேலம் குகையிலிருந்து, மகன் ராணுவத்தில் பணியாற்றும் ஒரு தந்தை)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எந்தப் படைப்பிரிவு எந்த வழியில் நகர்கிறது, எந்த முகாமில் என்ன ஆயுதம் இருக்கிறது என்பவற்றை அரசு மறைத்தே ஆக வேண்டும். அவற்றைக் கேட்க எனக்கும் உரிமை இல்லை, இந்த இதழுக்கும் உரிமை இல்லை. நான் கேட்பது வேறு. எதற்காகப் போருக்குப் போகிறோம், போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை, எங்கே தவறு நேர்ந்தது என்ற மூன்றையும் காலம் தாழ்த்தாமல் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அப்படிச் சொன்ன அனுபவம் நம் நாட்டுக்கே உண்டு. கார்கில் போர் 1999 ஜூலை 26 அன்று முடிந்தது; மூன்றே நாளில், ஜூலை 29 அன்று, திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. உளவுத் தகவல்களைத் திரட்டுவதிலும் பகிர்வதிலும் இருந்த குறைகளை அந்தக் குழு எழுத்திலேயே சொன்னது. பாதுகாப்பு கருதிச் சில பகுதிகள் நீக்கப்பட்டாலும், 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைப் படித்ததால் நம் ராணுவத்தின் மீது எனக்கிருந்த மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

1962 சீனப் போரில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. இமயத்தின் குளிருக்குப் போதிய உடுப்பும் காலணியும் இல்லாமல் வீரர்கள் அனுப்பப்பட்ட அந்தத் தோல்வியை ஆராய்ந்து லெப்டினென்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963இல் கொடுத்த அறிக்கையை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், எந்தக் கட்சியின் அரசும் வெளியிடவில்லை. அது இன்றைக்கும் ராணுவ முக்கியத்துவம் உடையது என்று 2010இல் நாடாளுமன்றத்தில் கூறப்பட்டது. 2014இல் நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்ட பிறகுதான் நம்மால் அதைப் பார்க்கவே முடிந்தது. நம் பிள்ளைகள் இறந்த கதையை நமக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது என்பது இன்னும் என் மனத்தை அறுக்கிறது.

எல்லையில் நிற்கும் உங்கள் மகனுக்கு அங்கே நடப்பது தெரியும். தெரியாமல் இருப்பது இங்கே வீட்டில் இருக்கும் நாம்தான். ஆகவே உண்மையைச் சொல்வதால் அவருடைய மனம் தளரும் என்று நான் நினைக்கவில்லை. தம் கஷ்டம் ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கு ஒரு துணையாகத்தான் இருக்கும்.

கேள்வி: இதெல்லாம் டெல்லியின் விவகாரம். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் ஏன் பேச வேண்டும்? (அம்மாப்பேட்டை, கல்லூரி மாணவர்)

பதில்: 1917இல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1939இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் போன்ற பதவி) இருந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று, இந்தியத் தலைவர் ஒருவரையும் கலக்காமல், இந்தியாவும் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். அக்டோபரில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது. அவர் ஹிட்லரை எதிர்ப்பதற்கு எதிரானவர் அல்லர். 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தையே ஏற்காமல் விலகி நின்றவர். உயிர் கொடுக்கப் போகிறவர்களைக் கேட்காமல் போரை அறிவித்ததைத்தான் காங்கிரஸ் அன்று எதிர்த்தது.

அதே போரின்போதுதான் வங்கத்தில் மக்கள் தெருவில் செத்து விழுந்தார்கள். தணிக்கை செய்திகளை இறுக்கிப் பிடித்திருந்த நிலையில், 1943 ஆகஸ்டில் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழ் படங்களை வெளியிட்ட பிறகே வெளியுலகம் அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டது. போர்க்காலத்தில் மறைக்கப்படுவது போர்க்களத்துச் செய்தி மட்டுமாக இருப்பதில்லை, அரிசிப் பானையின் செய்தியும் சேர்ந்தே மறைக்கப்படுகிறது. அது சேலத்துக்கும் பொருந்தும், தம்பி.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு லேப்டாப் வாங்க 15,000 ரூபாய்தான் என்னால் முடியும். புதியது வாங்கலாமா, பழையது வாங்கலாமா? (ஏற்காடு நாகலூர், பள்ளி ஆசிரியை)

பதில்: பழையதையே வாங்குங்கள், அம்மா. இந்த விலைக்குக் கிடைக்கும் புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் வேகம் குறைந்த செயலியும், பிறகு கூட்டிக்கொள்ள முடியாத குறைந்த ரேமும்தான் இருக்கும். அதைவிட, பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்த அலுவலக லேப்டாப் நல்லது. அவற்றின் கீபோர்டும் உடலும் உறுதியானவை, உதிரி பாகமும் எளிதில் கிடைக்கும்.

கடையில் மூடியைப் பலமுறை திறந்து மூடிக் கீல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லா எழுத்துகளையும் தட்டிப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ரேம் 8 ஜி.பி. இருக்க வேண்டும். உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. போட்டுத் தரச் சொல்லுங்கள். பழைய கணினிக்குப் புத்துயிர் தருவதில் அதற்கு ஈடு வேறில்லை.

ஒன்றை மட்டும் கடைக்காரர் சொல்லாமல் விடக்கூடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓடுவதற்கு இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதற்கு முந்தையது மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும், கட்டுரை, கணக்குக்கு உதவும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கட்டுரை எழுத, கணக்குப் போட, நிரல் கற்க அவை தாராளமாகப் போதும். ஏற்காட்டில் மூடுபனிக் காலத்து ஈரம் மின்னணுப் பொருள்களுக்கு ஆகாது என்பதால், நாள்கணக்கில் பையில் மூடி வைக்காமல் தினமும் சிறிது நேரம் இயக்குங்கள்.

கேள்வி: ஆகாஷ் டேப்லெட் ஏன் தோற்றது? (கொண்டலாம்பட்டி வாசகர்)

பதில்: மாணவர்களுக்கென மத்திய அரசு கொண்டுவந்த மலிவு விலை டேப்லெட் அது. விலையை முதலில் அறிவித்துவிட்டுக் கருவியைப் பிறகு தேடியதுதான் காரணம் என்பது என் கருத்து. 2010இல் 35 டாலர், அதாவது சுமார் 1,500 ரூபாய் என்று பேசப்பட்டது. 2011 அக்டோபரில் வெளிவந்தபோது அதில் இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்.பி. ரேமும்தான். அதைக் கொண்டு ஒரு மாணவர் எதையும் ஒழுங்காகப் படிக்க முடியாது என்று அன்றே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் திட்டத்தைத் திருத்தியிருக்கலாம். அதே 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கீபோர்டோடு கூடிய முழுக் கணினி கிடைத்தது. எத்தனையோ வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. இன்றும் சில வீடுகளில் அது ஓடுவதைப் பார்க்கிறேன்.

கேள்வி: கையில் போன் இருக்கும்போது கணினி எதற்கு? (செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைத் தொழிலாளி)

பதில்: 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாள்களில் வீடியோ கேம் காட்சிகளைப் போர்க் காட்சி என்று போனில் பரப்பினார்கள். எனக்கே அப்படிச் சில வந்தன. சிறிய திரையில் அரை நிமிடம் ஓடும் படத்தை நம்புவதா, தள்ளுவதா என்று முடிவு செய்ய நேரம் இல்லை; அடுத்தது வந்துவிடுகிறது. ஓர் அறிக்கையைத் திறந்து, பக்கத்தில் இன்னொன்றை வைத்து ஒப்பிட்டு, சந்தேகத்தைக் குறித்துக்கொண்டு, தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுத வேண்டுமானால் பெரிய திரையும் கீபோர்டும் வேண்டும். உங்கள் பிள்ளை பாடத்துக்காக மட்டும் கணினியைத் தொட்டால் போதாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகை முறையை முதலில் பழகச் சொல்லுங்கள். தினம் அரை மணி நேரம் தட்டினால் சில வாரங்களில் கை ஓடிவிடும்.