நீதிபதி ஆக ஆசைப்படும் மகளுக்குத் தடை போடாதீர்கள்

ப்ளஸ் டூ முடித்த மகள் சட்டம் படித்து நீதிபதி ஆவேன் என்கிறாள், ஆனால் நீதிபதிகளை நியமிப்பதே அரசியல்தான் என்கிறார்களே, ஆள் பலம் இல்லாத குடும்பத்துக்கு இது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. உங்கள் பயத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, கீழ் நீதிமன்றங்களில் இருக்கும் சிவில் நீதிபதி பதவி. தமிழ்நாட்டில் இதற்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வைக்கிறது. எழுத்துத் தேர்வு, பிறகு நேர்முகத் தேர்வு, அவ்வளவுதான். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி மூன்றாண்டு வக்கீல் பிராக்டிஸ் வேண்டும். எனவே படிப்பு முடிந்ததும் நல்ல சீனியரிடம் சேர்வது முக்கியம். இந்தக் கட்டத்தில் யார் சிபாரிசும் தேவையில்லை.

இரண்டாவது, உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும். அங்கே தேர்வு கிடையாது, நியமனம்தான். அதைப் பற்றி இவ்வளவு சண்டை ஏன் என்பது உங்கள் மகளுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அதன் ஆதாரமான அம்சங்களை, நாடாளுமன்றத்தாலும் மாற்ற முடியாது என்று 7 பேர் ஒரு பக்கம் நின்றார்கள், 6 பேர் மறுபக்கம். ஒரே ஒருவர் மாறியிருந்தால் நாட்டின் சட்டமே வேறு மாதிரி போயிருக்கும். உடனேயே, அந்த 7 பேரில் இருந்த சீனியர் நீதிபதிகள் ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் இருந்த ஜூனியர் ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதியாக்கியது இந்திரா காந்தி அரசு. மூவரும் பதவி விலகினார்கள். அப்புறம் நெருக்கடி நிலை வந்தது. விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் தங்களை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976இல் ரே தலைமையிலான அமர்வு 4-1 என்று தீர்ப்பளித்தது. அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா. 1977 ஜனவரியில் அவரையும் தாண்டி ஜூனியரான எம்.எச். பெக் தலைமை நீதிபதியானார், கன்னா விலகினார். சிறையில் இருந்தவர்களுக்கு அந்த நியமனங்கள் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில்தான் 1976 தீர்ப்பு செல்லாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

இந்தக் காயத்தால்தான் 1993இல் நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் முறை வந்தது. அதை மாற்ற நாடாளுமன்றம் கொண்டுவந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4-1 என்று ரத்து செய்தது. அதற்குச் சொன்ன காரணமும் 1973இல் பிறந்த அதே அடிப்படைக் கட்டமைப்புதான்! கொலீஜியத்திலும் குறை உண்டு, ஏன் ஒருவரை எடுத்தார்கள், ஏன் விட்டார்கள் என்பது வெளியே சரியாகத் தெரிவதில்லை. அரசும் பெயர்களை மாதக்கணக்கில் கிடப்பில் போடுகிறது. இது மாற வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். ஆனால் உங்களைப் போன்ற வீடுகளிலிருந்து பிள்ளைகள் வராமலே போனால் மாறாது.

சாத்தியமா என்றால், ஆர். பானுமதியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1988இல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதியானவர், 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார், 2014இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். எல்லோருக்கும் இது கிடைத்துவிடாது, நீண்ட பாதை. உயர் நீதிமன்றத்துக்கு வரவே குறைந்தது பத்தாண்டு வக்கீல் அனுபவமோ நீதித்துறைப் பணியோ வேண்டும். அதுவரை சிவில் நீதிபதி வேலையோ வக்கீல் தொழிலோ சோறு போடும்.

இப்போதைக்கு இரண்டு வேலை. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் போதும், திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற தேசிய அளவிலான சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், எது என்று முடிவு செய்யுங்கள். கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பை ஒரு முறை படிக்கக் கொடுங்கள். ஆங்கிலம் கடினம்தான், அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படிக்கட்டும். படித்து முடித்த பிறகும் இதுதான் வேண்டும் என்றால் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.